மஞ்சள் கோட்டுக்கு இப்பால்

எனக்கு வேதியியல் தெரியாது.
லா பாஸ் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில்
மூன்று விலைப்புள்ளி கேட்பவன்,
மூன்றில் மலிவானதற்கு முத்திரை குத்துபவன்.
அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தபோது
அதற்கு வயது ஒன்பது.
எனக்கு முன்பிருந்த இருவரின் காப்பிக் கறை
அட்டையில் வட்டம் வட்டமாக.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி, ஒன்று.

அணு என்ற சொல்லைப் பார்த்ததும்
சுங்கத்தில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.
காந்தம் என்றதும் இன்னொருவர்
சுகாதார அமைச்சின் கடிதம் எங்கே என்றார்.
நோயாளியை இதில் எப்படிப் படுக்கவைப்பீர்கள்?
பென்சில் தடிமன்கூட இல்லாத
கண்ணாடிக் குழாயில், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

கோரிக்கை பேராசிரியர் எரிபெர்த்தோ கொண்டார்க்கோவுடையது.
பீடபூமியில் விளையும் தோலாப் புதரின் சாற்றை
சின்னக் குப்பிகளில் அடைத்து
சுவீடனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், பல வருடம்.
"நம் மூலக்கூறு அங்கே போய்த்தான் வாய் திறக்கிறது,
நமக்கு நாலு மாதம் கழித்து நகல் வருகிறது" என்பார்
படியேறிய மூச்சிரைப்போடு.
அந்த இரைப்பை நான் ஊரின் உயரத்தின் மேல் போட்டேன்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர்;
இங்கே எல்லோருக்கும்தான் இரைக்கும்.

காந்தம் வந்தது. கதவு போதவில்லை.
சுவரை இடித்தோம்.
அதற்கும் மூன்று விலைப்புள்ளி.

பிறகு ஹீலியம்.
அரிக்காத் துறைமுகத்திலிருந்து லாரியில் மலையேறியது.
நடுவழியில் மறியல்:
சாலை நிறையக் கற்கள், டயர்ப் புகை,
பாலுக்கு விலை கேட்ட விவசாயிகள்.
அவர்கள் கேட்டது நியாயம்தான்.
ஒன்பது நாள்.
குடுவைக்குள் இருந்தது யாரையும் கோபிக்காமல்
கொஞ்சம் கொஞ்சமாக வானத்துக்குக் கிளம்பிப் போயிற்று.
இரவெல்லாம் ஸ்ஸென்று கேட்ட ஒலியை
டயர் இறங்குகிறதென்று நினைத்து
நான்கு முறை இறங்கிப் பார்த்தாராம் ஓட்டுநர்.

பதிவேட்டில் எழுதினேன்:
வாங்கியது இருநூற்றைம்பது லிட்டர்.
பெறப்பட்டது சுழியம்.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை
நெடுநேரம் வைத்திருந்தேன்.
குளிர் தீர்ந்துவிட்டது, என்று எழுதினேன்.
தணிக்கையாளரின் சிவப்பு வட்டம்
இன்றும் அதன்மேல் இருக்கிறது.

இரண்டாம் முறைக்குப் பணம் தேடிய ஏழு மாதத்தில்
பேராசிரியரின் நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்தினார்கள்,
தீப்பெட்டியைவிடச் சிறியது.
அதற்கு யாரும் விலைப்புள்ளி கேட்கவில்லை.

சூரிச்சிலிருந்து வந்த ரேத்தோ
முழங்காலிட்டுத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார்.
இதைத் தாண்டிச் சாவி கூடாது,
வங்கி அட்டை கூடாது,
இதயத்துக்கு மின்கலம் வைத்தவர் கூடாது.
பேராசிரியரைப் பார்க்காமல்தான் சொன்னார்.
பேராசிரியரும்
நாடா நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

காந்தத்துக்குள் மின்சாரத்தை ஏற்றினார்கள்,
பிறகு கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.
குளிர் இருக்கும்வரை அது உள்ளே சுற்றிக்கொண்டே இருக்குமாம்,
கட்டணமே இல்லாமல்.
இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எங்கள் வழக்கப்படி பூமித்தாய்க்கு
வாசலில் சிங்கானிச் சாராயம் ஊற்றினோம்.
மிச்சத்தில் நாலு சொட்டைக் குழாயில் விட்டு
காந்தத்துக்குள் இறக்கினாள் நைதா கிஸ்பெர்ட்.
திரையில் முதலில் தண்ணீர், தனியாக, உயரமாக.
தள்ளி நாலு முனை. அதற்கும் அப்பால் மூன்று.
"இல்லிமானி!" என்று கத்தினார்கள் மாணவர்கள்,
சன்னலில் நிற்கும் பனிமலையின் பெயரை.
எனக்கு உடைந்த சீப்பாகத்தான் தெரிந்தது.

அறை சின்னது; திரையும் கோட்டுக்கு அப்பால்.
செருப்பு நுனி நாடாவைத் தொட நின்றார் அவர்.
"நாலு, மூன்றா?"
"நாலு, மூன்று."
"இடைவெளி?"
"ஏழு ஹெர்ட்ஸ்."
தலையை ஆட்டினார்,
பார்த்தவர்போல.

மறுநாள் என் மேசையில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:
திரை, ஒன்று. கம்பி, பன்னிரண்டு மீட்டர்.

விலைப்புள்ளி எதுவும் கேட்கவில்லை நான்.
அன்று மாலையே கடைத்தெருவில் வாங்கினேன், ரசீது இல்லை.
கம்பி பதினைந்து மீட்டர்ச் சுருளாகத்தான் கிடைத்தது.
மிச்சம் மூன்று மீட்டர்
அவர் நாற்காலிக்கடியில் சுருண்டு கிடக்கிறது.